ஒரு சகோதரிக்காக

சமாதானபுரத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஆறு நாளாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த இடத்தில்தான் போன வாரம் கதையை நிறுத்திவிட்டு எழுந்து போனோம். இன்று ஏழாவது நாள், சனிக்கிழமை. விடிந்ததும் ரீபாவுக்குக் குமட்டியது.

உடம்புக்கு ஒன்றுமில்லை, தாய்மாரே, பதற வேண்டாம். நாற்பத்தி நாலு வயதில் வருகிற இந்தக் குமட்டல் வயிற்றிலிருந்து வருவதில்லை. கூட இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்து வருவது.

இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ரீபா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி மகள். பாளையங்கோட்டையில் பேர்பெற்ற சுவிசேஷமுத்து வாத்தியார் குடும்பத்தில் சின்ன மருமகளாக வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பெனோ. ஒரே மகள் கோயம்புத்தூரில் ஆஸ்டலில் படிக்கிறாள். சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் ‘இளவேனிலின் வீடு’ ஆரம்பித்துவிட்டால், ஏழரை மணி வரைக்கும் ரீபா சமாதானபுரத்தில் இல்லை.

சீரியல் குப்பை என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஓர் அறை விழுந்தால் மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டுவார்கள். தூங்குகிறவளுக்கும் பட்டுச்சேலையும் லிப்ஸ்டிக்கும். ஆனாலும் ஒரு நேர்மை உண்டு அங்கே. கெட்டவன் கெட்டவனாகவே வருவான். வாசலில் கால் வைக்கும்போதே உறுமியை அடித்து நமக்குச் சொல்லிவிடுவார்கள். வாத்தியார் வீட்டில் பத்தொன்பது வருஷமாக யாரும் உறுமி அடித்துக்கொண்டு வரவில்லை. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு முந்தி, அந்தச் சீரியலின் நாயகி இளவேனிலைப் புருஷன்காரன் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை விளக்குப் பூசையில் அவள் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பு ரீபாவைத் தூங்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்திருந்தபோது கை தானாக எழுதிவிட்டது.

அவர்கள் கோயிலில் ஜெப விண்ணப்பத்துக்கு என்று ஒரு பெட்டி உண்டு. வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் போடக்கூடாது. ‘ஒரு சகோதரன்’, ‘ஒரு சகோதரி’ என்றுதான் எழுத வேண்டும். கர்த்தருக்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று யாரோ புண்ணியவான் பண்ணிவைத்த ஏற்பாடு. ரீபா எழுதினாள்:

‘வெளியே நல்ல பேர் எடுத்த குடும்பத்தில், உள்ளே அடி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லார் முன்னாலும் சிரிக்கிற ஒரு சகோதரிக்காக ஜெபிக்கவும்.’

பார்த்தீர்களா? கோயில் பெட்டியில் போடுகிற சீட்டில் விளக்குப் பூசை என்று எப்படி எழுதுவது என்று, வெள்ளியை ஞாயிறாகவும் பூசையை ஆராதனையாகவும் மாற்றிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை, சபைப் போதகரான ஐயரின் மனைவி, ஐயரம்மா எலிசபெத், அதை மைக்கில் வாசித்தார்கள். வாசித்த சீட்டுகளை வாரம் முழுக்க ஜெபிக்கச் சொல்லிப் பெண்களிடம் பங்கு வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். அந்தச் சீட்டு போய் விழுந்தது சாரம்மாள் கையில். சனிக்கிழமைதோறும் கோயில் வாசல் கரும்பலகையில் வசனம் எழுதுகிறவள் ரீபா. அந்தக் கையெழுத்தைத் தெரியாதவர்கள் சபையில் கிடையாது.

அன்று சாயங்காலத்துக்குள், வாத்தியாரின் இளைய மகன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பெனோ வாயை மூடினான். இன்னும் திறக்கவில்லை.

இனி இன்றைக்கு வருவோம்.

*

காலை பத்து மணிக்கு ரீபா சாக்பீஸோடு கோயிலுக்குப் போனாள். கரும்பலகையில் வேறு யாரோ வசனம் எழுதி முடித்திருந்தார்கள். எழுத்து கோணல்மாணலாகக் கிடந்தது.

“ஏட்டி ரீபா, இங்கன வா.”

வேப்ப மரத்தடியில் சாரம்மாள் நின்றாள். அறுபது வயது. துக்க வீட்டுக்கு முதலில் போய்க் கடைசியில் வருகிறவள். கிட்டே போனதும் ரீபாவின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள், மாட்டுத் தரகர் பல்லைப் பார்க்கிற மாதிரி.

“முகத்துல ஒண்ணும் காணலியே. வெவரமாத்தான் அடிக்கான்.”

“அக்கா, என்னை யாரும் அடிக்கல.”

“எல்லாவளும் இப்பிடித்தான் சொல்லுவா. கழுத்துச் செயினை எங்கட்டி?”

“பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்.”

“ம்... பாலிஷ்.” சாரம்மாள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். அந்தச் சத்தத்தில் எத்தனை ருசி! பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ரீபாவின் கையில் திணித்தாள். நெய் கசிந்து காகிதம் முழுக்க ஊறியிருந்தது. “அல்வா. தின்னு பிள்ள. அடி தாங்கதுக்கும் ஒடம்புல தெம்பு வேணும்லா.”

விரலெல்லாம் பிசுபிசுத்தது. கழுவினால் போகிற பிசுக்கு இல்லை அது. ஆறு நாளாக எதிர்ப்பட்ட ஒவ்வொருத்தியும் இப்படி ஒரு விரல் தடவிவிட்டுப் போனாள். அனுதாபம் என்று பேர். உள்ளே தின்பண்டம் தின்கிற ஆசை.

கோயிலை ஒட்டிய ஐயர் பங்களா வாசலிலிருந்து ஐயரம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்கள்.

“ரீபா, ஊர் பேசுததைக் காதுல போட்டுக்காத. கையெழுத்து ஒன்னோடது மாதிரி இருந்தாலும் அது நீ எழுதின சீட்டு இல்லன்னு எனக்குத் தெரியும்.”

ரீபாவுக்குப் புரியவில்லை. “எப்படித் தெரியும், ஐயரம்மா?”

“எழுதினவளே வந்து சொல்லிட்டா. திங்கக்கிழமை விடியக்காலம், நான் வாசல் தெளிச்சுக்கிட்டு நிக்கேன், வந்து என் தோள்ல சாஞ்சு அப்பிடி ஒரு அழுகை. ‘நான்தான் எழுதினேன், நான்தான் எழுதினேன்’னு சொல்லிச் சொல்லி அழுதா.”

“யாரு?”

“அதைச் சொல்லலாமா? ஆனா நீ கேட்டா நம்ப மாட்ட.”

ரீபாவின் நாக்கு நுனி வரை வந்தது: ஐயரம்மா, அது என் கையால் நான் எழுதினது, டிவி பெட்டிக்குள் இருக்கிற ஒருத்திக்காக எழுதினது என்று. சொல்லவில்லை. எழுதாத சீட்டை ஒருத்தி எழுதினேன் என்று ஏன் அழ வேண்டும்?

*

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஜெனோ வந்தான்.

பெனோவுக்கு அண்ணன். ஐம்பத்திரண்டு வயது. பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை. நாளைக்கு ஆராதனை முடிந்ததும், சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டிக்குத் தேர்தல், செயலாளருக்கு நிற்கிறான். அப்பா சுவிசேஷமுத்து வாத்தியார் இறந்து இரண்டு வருஷமானாலும் ஓட்டு அவர் பேரில்தான் விழும். அந்தப் பேரில்தான் இப்போது சின்ன மருமகள் சீட்டு எழுதிக் கறை வைத்துவிட்டாள்.

சாளைக் குழம்பு. ஜெனோ ஒவ்வொரு மீனாக எடுத்து, உதட்டுக்குள் இழுத்து, முள்ளை மட்டும் தட்டோரத்தில் துப்பினான். சட்டைக் காலரில் குழம்பு ஒரு சொட்டு. மீன் தின்ற கையாலேயே மோர்ச் செம்பைத் தூக்கினான். செம்பின் விளிம்பில் மஞ்சளாக ஒரு பிறை விழுந்தது. ரீபா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பெனோ, நீ சொல்லுதியால, நான் சொல்லட்டா?”

“நீயே சொல்லுண்ணேன்.”

ஜெனோ இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தான். “ரீபா, நாளைக்கு அறிவிப்பு முடிஞ்சதும் ஐயர் ஒன்னைக் கூப்பிடுவாவ. நீ எந்திரிச்சு இதை வாசிக்கணும். பெருசா ஒண்ணும் இல்ல.”

ரீபா வாசித்தாள். ‘சில காலமாக எனக்கு மனது சரியில்லாத காரணத்தால், என் வீட்டாரைப் பற்றித் தவறான ஒரு விண்ணப்பத்தை...’

“எனக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு சொல்லச் சொல்லுதியளா, பெரியத்தான்?”

“சேச்சே. மனசு சரியில்லன்னுதானம்மா போட்டிருக்கேன். பொம்பளைகளுக்கு இந்த வயசுல வரதுதான். வீட்ல டெபோராவுக்குக்கூட இருக்கு.”

சிரித்துக்கொண்டே சொன்னான். பல்லிடுக்கில் சாளை.

ரீபா பெனோவைப் பார்த்தாள். அவன் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷத்தில் இவன் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அது உண்மை. ஒரு நாளும் அண்ணன் முன்னால் வாய் திறந்ததும் இல்லை. அதுவும் உண்மை. அவனைப் பார்க்க, வெந்தும் வேகாத சோற்றை வாயில் வைத்த மாதிரி இருந்தது.

அவமானத்தைவிட உண்மை மேல் என்று தோன்றியது. சொல்லிவிட்டாள்.

“அந்தச் சீட்டு நம்ம வீட்டைப் பத்தி இல்ல. சீரியல்ல வார ஒரு பிள்ளைக்காக எழுதினேன். இளவேனில்னு.”

பெனோ தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். பிறகு ஜெனோ சிரித்தான். சாதாரணச் சிரிப்பா? வயிறு குலுங்கி, புரையேறி, மோர் மூக்கு வழியாக வந்து, அதை வேஷ்டி நுனியால் துடைத்து, மறுபடியும் சிரித்தான்.

“ஏலே பெனோ! கேட்டியால? சீரியல் பொம்பளைக்கு மைக்கு போட்டு ஜெபம்! ஐயரும் ஆமென் சொல்லியிருக்காரு!”

பெனோ ஆறு நாளுக்குப் பிறகு ரீபாவைப் பார்த்துப் பேசினான். “இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?”

“நீங்க கேட்டியளா?”

ஜெனோ தாளைக் கிழித்துப் போட்டான். அவன் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. “இதைவிட வேற என்ன வேணும்? நாளைக்கு இதையே சொல்லு. உள்ளது உள்ளபடி. சீரியல் பாத்துப் பாத்து எது நெசம் எது கதைன்னு தெரியாமப் போச்சு, மன்னிக்கணும், இனிமே டிவியே பாக்க மாட்டேன்னு சொல்லிரு. சபை ரெண்டு நாள் சிரிக்கும். சிரிச்சிட்டுப் போவுது. நம்ம குடும்பப் பேர் நிக்கும்.”

“சொல்லிரு ரீபா” என்றான் பெனோ. “விட்டுத் தொலைக்கலாம்.”

அவள் தலையாட்டினாள். களைத்துப் போயிருந்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். எப்படியும் சாயங்காலம் ஏழு மணி வரும்.

ஜெனோ அதையும் விடவில்லை. “பாக்க மாட்டேன்னு சொன்னாப் போதாது. டிவியைக் குடுத்திரணும். நம்ம சபைப் பொம்பளைப் பிள்ளைக ஆஸ்டல்ல கேட்டுக்கிட்டே இருக்காவ. இப்பவே கார்ல ஏத்திருதேன்.”

அண்ணனும் தம்பியும் சேர்ந்து டிவியைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். போகிற நேரத்தில் ஜெனோ, “இரு, ஒரு ஜெபம் பண்ணிருவோம்” என்று ரீபாவின் தலையில் கையை வைத்தான். கழுவிய கைதான். ஆனாலும் மீன் கவிச்சி போகவில்லை. உள்ளங்கையின் ஈரம் உச்சந்தலையில் இறங்கியது. “உம்முடைய அடியாளின் சிந்தையைத் தெளிவாக்கும், ஆண்டவரே” என்று அவன் குரலைத் தாழ்த்தி உருகினான்.

கார் போனதும் ரீபா குளியலறைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். இரண்டு தடவை ஷாம்பு போட்டாள். அந்த வாடை போகவில்லை.

*

ஆறு மணிக்கு போன் அடித்தது. டெபோரா, ஜெனோவின் மனைவி.

ரீபாவுக்கும் டெபோராவுக்கும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. டெபோரா ஸ்ரீவைகுண்டத்தில் நாலு பேர் மதிக்கிற வீட்டில் பிறந்தவள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, முழங்கையைத் தாண்டிய ரவிக்கை, கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. சீரியல் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். அதனாலேயே ரீபா அவளிடம் ஒதுங்கியே இருந்தாள். தன்னைத் தாழ்வாக நினைக்கிறாள் என்று எண்ணம்.

“ரீபா, ஒன் டிவி எங்க வீட்லதான் இருக்கு.”

“ஆஸ்டலுக்குக் குடுக்கப் போறதா...”

“எந்த ஆஸ்டலு? ஹால்ல மாட்டியாச்சு. நீ ஒரு ஆட்டோ புடிச்சு வந்து எடுத்துட்டுப் போயிரு. அவிய ஓட்டுக் கேக்கப் போயிருக்காவ. வர எட்டு மணியாவும்.”

ரீபாவுக்கு வாயெல்லாம் கசந்தது. மன்னிப்புக் கேட்கச் சொல்லி, ஜெபம் பண்ணி, தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். சீரியலில் வருகிற வில்லன்கூட இவ்வளவு அற்பமாகத் திருடமாட்டான்.

தெரு முனையில் நூகு ஆட்டோவோடு நின்றான். “டிவியாக்கா? ஆட்டோல வச்சா மேட்டுல பள்ளத்துல ஒடைஞ்சிரும். மடியில வச்சுப் பிள்ளையப் புடிச்ச மாதிரி புடிச்சுக்கிடுவியளா?”

“புடிச்சுக்கிடுதேன். பெருமாள்புரத்துக்கு விடு.”

டெபோரா கேட்டைத் திறந்துவைத்து நின்றாள். ஹால் சுவரில் பழைய ஆணியிலேயே ரீபாவின் டிவி தொங்கியது.

“ஒங்க டிவி என்னாச்சுக்கா?”

“போன மாசம் போச்சு. நான்தான் பின்னால தண்ணிய ஊத்தினேன்.”

ரீபா சிரிக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். டெபோராவின் முகம் சிரிக்கிற முகமாக இல்லை.

“ஏன்க்கா?”

“சத்தம் தாங்கல.”

“சத்தத்தைக் குறைச்சு வைக்கலாம்லா.”

“குறைக்கதுக்கா இங்கன டிவி?” டெபோரா சோபா நுனியில் உட்கார்ந்தாள். பாடகர் குழுவில் உட்காருகிற அதே நிமிர்வு. “பக்கத்து வீட்டு சிவசண்முகம் சார் ஒரு நாள் வந்து கேட்டுட்டாரு. என்னம்மா, சத்தமாக் கேட்டுதே, யாரு அழுதான்னு. ‘டிவியில சீரியல் சார்’னு இவிய சிரிச்சுக்கிட்டே சொன்னாவ. அன்னைக்குப் புடிச்சுக்கிட்டாவ அந்த வழிய. ஏழு மணிக்கு ஒங்க சீரியல் வரும்லா? அதுல பொம்பளைக அழுவாவல்லா? ஜன்னலைச் சாத்திட்டு அதைக் கூட்டி வச்சிருவாவ. அதுக்குப் பொறவு இந்த வீட்ல யாரு அழுதாலும் சீரியல்தான்.”

அவள் ரவிக்கைக் கையை மேலே தூக்கிக் காட்டவில்லை. ரீபாவும் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

“டிவி இல்லாத இந்த ஒரு மாசமும் கை நீளல. வாய் மட்டும்தான். நிம்மதியா இருந்தேன் ரீபா.”

ஏழு மணி. தன் வீட்டில் அந்த அரைமணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து, இளவேனிலுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை ரீபா நினைத்தாள். அதே அரைமணி நேரத்தில் அதே அழுகைச் சத்தத்துக்கு அடியில் இன்னொருத்தியின் அழுகை போய்க்கொண்டிருந்திருக்கிறது. எதிரே, அதே கோயிலில், பாடகர் வரிசையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் சிரித்த முகம். அதைப் பார்த்துத் ‘திமிர் பிடித்தவள்’ என்று நினைத்தது இந்தப் புத்தி. இத்தனை நாளும் அடுத்தவர்களைப் பார்த்து வந்த குமட்டல், இப்போது தன்னைப் பார்த்தே வந்தது.

“திங்கக்கிழமை ஐயரம்மாகிட்ட...”

“நான்தான் போனேன். ஐயரம்மா வாசிச்சதும் எனக்குக் கையும் காலும் ஓடல. என்னைப் பாத்து யாரோ எழுதியிருக்காவ, இல்ல, நான்தான் தூக்கத்துல எழுதிப் போட்டுட்டேனோன்னு நெனைச்சேன். எழுதினது நான் இல்ல, தெரியும். ஆனா எழுதியிருக்க வேண்டியது நான்தானே.”

டெபோரா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பைய கேட்டாள்.

“மத்தியானம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. அது சீரியலுக்கு எழுதினதாமே. நாளைக்கு நீ சபையில எந்திரிச்சு அப்பிடித்தான் சொல்லப் போறியா?”

“அதுதானேக்கா நெசம்?”

“சொல்லிக்கோ. நான் வேண்டாங்கல.” சேலை மடிப்பை நீவினாள். “ஆனா நீ சொன்ன மறு நிமிஷம் என்னோடதும் சீரியலாயிரும். ஐயரம்மா ஒருத்திதான் நம்பியிருக்காவ. அவியளும் சிரிச்சிருவாவ.”

கேட்டில் கார் நின்றது.

*

எட்டு மணி என்றவன் ஏழே காலுக்கே வந்துவிட்டான். தெருவில் நின்ற ஆட்டோவைப் பார்த்துவிட்டே உள்ளே வந்தான் என்பது அவன் சிரிப்பில் தெரிந்தது.

“ரீபாவா? வா வா. ஆஸ்டல்ல நாளைக்குத்தான் வாங்கிக்கிடுவாவளாம். அதான் சும்மா மாட்டி வச்சேன். ஓடுதான்னு பாக்கணும்லா.”

இவ்வளவு சுளுவாக ஒரு மனுஷனுக்குப் பொய் வருமா! ஸ்தோத்திரம் சொல்லுகிற அதே வாய், அதே ஈரம்.

“என்ன, ரெண்டு பேரும் ரகசியம்?” என்று கேட்டுக்கொண்டே ஜெனோ டெபோராவைப் பார்த்தான். அவள் எழுந்து நின்றுவிட்டாள். யாரும் சொல்லாமலே.

“நூகு காத்துக்கிட்டு நிக்கான் பாரு, நீ கெளம்பும்மா ரீபா. நேரமாச்சு. நாளைக்குச் சொல்லவேண்டியதை ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கோ.”

சொல்லிவிட்டு, கொசு வருகிறது என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினான். தெருப்பக்கத்து ஜன்னல். பிறகு சிவசண்முகம் சார் வீட்டுப்பக்கத்து ஜன்னல். கொண்டி மாட்டினான். அப்புறம் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டான்.

‘இளவேனிலின் வீடு’ நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக ரீபா காத்திருந்த கட்டம். இளவேனில் முதல்முறையாக வாசலைத் தாண்டிக் காலை வெளியே வைத்திருந்தாள்; பின்னாலிருந்து மாமியார்க்காரி ஓலமிட்டாள். ஜெனோவின் கட்டைவிரல் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தது. பச்சைக் கோடு ஒவ்வொன்றாக ஏறியது. இருபது. முப்பது. ஓலம் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

“கெளம்பலியாம்மா?” என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டான், சிரித்த முகமாகவே.

ரீபா திரையைப் பார்த்தாள். இளவேனில் திரும்புவாளா, போவாளா? இன்னும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

வீடே காது அடைத்துப்போன மாதிரி ஆனது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. சிவசண்முகம் சார் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம். தெருவில் நூகு யாரிடமோ போனில் பேசுகிற சத்தம். ஜெனோவின் மூச்சு.

“என்ன செய்யுத நீ?”

“மெதுவாப் பேசுங்க, பெரியத்தான். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

அவள் போய் கொண்டியை எடுத்து இரண்டு ஜன்னலையும் திறந்தாள்.  

“மத்தியானம் நான் சொன்னது பொய், பெரியத்தான். அந்தச் சீட்டு சீரியலுக்கு எழுதினது இல்ல.”

ரீபா அந்த வீட்டில் சொன்ன முதல் பொய் அதுதான். என் கணக்கில் அதைப் பொய் என்று வைக்க எனக்கு மனசு வரவில்லை.

“பின்ன யாருக்கு எழுதின?”

“நாளைக்கு மைக்குல கேப்பாவல்லா. அப்பச் சொல்லுதேன்.”

ஜெனோவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. முதல்முறையாக அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று ரீபா பார்த்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. கல்லைப் புரட்டினால் அடியில் வெளுத்துப்போய் நெளியுமே, அது மாதிரி ஒன்று. இதற்கா இத்தனை வருஷம் எழுந்து நின்று தலைகுனிந்தோம் என்று அருவருப்பாக இருந்தது.

ஜன்னல் வழியாக அவள் குரல் கொடுத்தாள். “நூகு, நீ போ தம்பி. நான் இன்னைக்கு இங்கனதான் அக்காகூட இருக்கேன்.”

“சரிக்கா. டிவி?”

“அது கெடக்கட்டும்.”

ஜெனோ போனை எடுத்தான். விரல் வழுக்கி இரண்டு தடவை தப்பாக அமுக்கினான். “ஏலே பெனோ, ஒம் பொண்டாட்டிக்கு நெசமாவே கோட்டி பிடிச்சிட்டுல. ஒடனே வந்து இழுத்துட்டுப் போ.” அந்தப் பக்கம் பெனோ ஏதோ கேட்டான். ஜெனோ திறந்த ஜன்னலைப் பார்த்தான். மறுபடியும் பெனோ அதையே கேட்டான், அண்ணனிடம் முதல்முறையாகக் குரலை உயர்த்தி. ஜெனோ போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான், அதில் வேறு யாரோ பேசுகிற மாதிரி.

“வாரான்” என்றான். “ஒன் புருஷன் வாரான். வரட்டும், அப்பத் தெரியும்.”

அதுவரைக்கும் சுவரோரத்தில் நின்ற டெபோரா நடந்து வந்து சோபாவில் ரீபாவின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

“வரட்டும்” என்றாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.